ஜன்னல் வழியே பார்ப்பது யார்?

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த தினத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. தெர்மோகோல் துண்டுகள் கூடமெல்லாம் பறக்கின்றன. மூடியின் ஓரத்தில் சந்தனம், குங்குமம்கூட வைத்தாகிவிட்டது. பெண்ணுக்கு நாளைக்கே காலேஜில் ஏதோ எழுதிக் கொடுத்தாக வேண்டும். பையனுக்கோ கை துறுதுறுக்கிறது. பொத்தானை அமுக்கியதும் திரையில் ஒரு கேள்வி வருகிறது. "சரி" என்று அமுக்குகிறீர்கள். இன்னொரு கேள்வி. "சரி." மறுபடியும் ஒன்று. "சரி, சரி, சரி!" கலியாணப் பந்தியில் பரிமாறுகிறவர், "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டுக்கொண்டே இலையில் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறாரே, அந்த மாதிரிதான்.

அன்றைக்கு எத்தனை "சரி" சொன்னீர்கள்? எதற்கெல்லாம் சொன்னீர்கள்? நிஜத்தைச் சொல்லுங்கள், ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் வெட்கப்பட வேண்டியதில்லை, சகோதரிகளே. படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் இந்த விஷயத்தில் ஒரே பந்திதான்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அத்தனை சாமான்களையும் கட்டி மேய்க்கும் புரோகிராமுக்கு 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று பெயர். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருப்பது 'விண்டோஸ்'. பழைய காலத்துப் பெரிய குடும்பங்களில் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, பெட்டியில் எவ்வளவு இருக்கிறது, யாருக்கு யார் கடிதம் எழுதினார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் இல்லாவிட்டால் ஒரு துரும்பு அசையாது. நம் கம்ப்யூட்டரின் கணக்குப்பிள்ளை விண்டோஸ்.

ஆனால் இந்தக் கணக்குப்பிள்ளையை வேலைக்கு அமர்த்தியவர் நீங்கள் அல்ல. அவருடைய எஜமானர் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்ட் என்ற ஊரில் இருக்கும் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி. நீங்கள் கொடுத்த பணம் அவரை உபயோகித்துக்கொள்ளும் லைசென்ஸுக்குத்தான். உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவர் எஜமானருக்குக் கடிதமும் எழுதிக்கொண்டிருக்கிறார். தபால் செலவு, அதாவது இண்டர்நெட் பில், உங்களுடையது!

இந்தக் கடிதங்களுக்கு 'டெலிமெட்ரி' என்று பெயர். கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் 'டயக்னாஸ்டிக் டேட்டா' என்று போட்டிருக்கும். கேட்டால் ஏதோ ஆஸ்பத்திரி சமாசாரம் மாதிரி இருக்கிறது. ஒரு விதத்தில் அது உண்மையும்கூட. உலகத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் ஓடுகிறது. ஒரு குறிப்பிட்ட மாதிரிப் பிரிண்டரை இணைத்தால் யந்திரம் திடீரென்று நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகவல் கம்பெனிக்கு வந்தால்தானே அவர்கள் சரிசெய்ய முடியும்? அதில் தப்பு சொல்ல நாம் யார்? என்ன யந்திரம், எவ்வளவு ஞாபகசக்தி, எந்த இடத்தில் தடுக்கி விழுந்தது என்பதோடு கடிதம் நின்றுவிட்டால் யாருக்கும் ஆட்சேபம் இராது.

அதோடு நிற்பதில்லை. 'ஆப்ஷனல்', அதாவது உங்கள் விருப்பத்துக்கு விட்டது, என்று இன்னொரு வகைக் கடிதம் இருக்கிறது. நீங்கள் என்னென்ன வெப்சைட்டுகளைப் பார்க்கிறீர்கள், எந்த ஆப்பை எப்படி உபயோகிக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் சேரும். யந்திரம் தடுமாறின நேரத்தில் நீங்கள் திறந்து வைத்திருந்த ஃபைலின் ஒரு பகுதிகூடத் தற்செயலாகக் கடிதத்தோடு போய்விடலாம். நான் கதை கட்டவில்லை. கம்பெனியே தன் விளக்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கும் சங்கதி இது. உங்கள் கம்ப்யூட்டரில் இந்த விருப்பக் கடிதம் போகிறதா, இல்லையா? அந்த முதல் நாளில் நீங்கள் சொன்ன "சரி"களில் ஒன்று அதைத் தீர்மானித்துவிட்டது.

இந்த விவகாரம் பெரிய அளவில் வெடித்தது 2015-ல். அந்த வருஷம் ஜூலை 29-ம் தேதி விண்டோஸ் 10 வெளிவந்தது. பழைய விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு முதல் ஒரு வருஷம் இலவசம் என்று அறிவித்தார்கள். இலவசம் என்றால் நாம் விடுவோமா? ஆரம்பத்திலேயே ஒரு திரை வந்தது. சீக்கிரமாக வேலையை முடிக்க 'எக்ஸ்பிரஸ் செட்டிங்ஸ்' என்று ஒரு பெரிய பொத்தான். அதை அமுக்கினால் எல்லாத் தகவலுக்கும் சம்மதம். ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்மானிக்க விரும்புகிறவர்களுக்கும் வழி இருந்தது. ஆனால் அது இடது பக்கம் அடியில் சின்ன எழுத்தில் ஒதுங்கி நின்றது. ஜவுளிக் கடையில் தள்ளுபடி என்று ஒரு முழத்தில் எழுதிவிட்டு, 'சில ரகங்களுக்கு மட்டும்' என்று கடுகளவில் எழுதுவார்களே, அந்த வித்தைதான்! அப்படித் தேடிப் பிடித்துப் போனாலும், வீட்டு உபயோகத்துக்கான ரகத்தில் கடிதத்தை அடியோடு நிறுத்த முடியாது; குறைக்கத்தான் முடியும். மிகவும் குறைந்த அளவு பெரிய நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்குமான ரகத்தில் மட்டும் கிடைத்தது.

ஐரோப்பாவில் சும்மா இருக்கவில்லை. பிரான்ஸில் தனிப்பட்ட தகவல்களைக் காக்கும் 'க்னில்' என்ற அதிகார அமைப்பு 2016 ஜூலையில் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுத்தது. ஒருவர் எந்தெந்த ஆப்புகளை ஏற்றிக்கொண்டார், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் செலவழித்தார் என்பதெல்லாம் யந்திரத்தைச் சரிசெய்ய எதற்கு என்று கேட்டது. மூன்று மாதம் கெடு. கம்பெனி இறங்கி வந்தது. குறைந்தபட்சக் கடிதத்தில் போய்க்கொண்டிருந்த தகவலைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்த பிறகு, 2017 ஜூனில் நோட்டீஸை முடித்துக்கொண்டார்கள். பாதியைக் குறைத்தும் யந்திரங்கள் ஓடிக்கொண்டுதானே இருந்தன? அப்படியானால் அந்த மற்றப் பாதி எதற்காகப் போய்க்கொண்டிருந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் இருக்கும்.

அதே 2017 அக்டோபரில் நெதர்லாந்தின் அதிகாரிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். என்ன தகவல் போகிறது, எதற்குப் போகிறது என்று தெளிவாகச் சொல்லாததால் அங்கே சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நம் வீட்டுப் பெண்களுக்கு ரொம்பப் பிடிக்கக்கூடிய ஒரு நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பதை ஒருவர் மாற்றாமல் விட்டுவிட்டார் என்பதற்காக அவர் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது! மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எத்தனை தலைமுறையாக நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள்! பெண் பார்க்க வந்த இடத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததையே சம்மதம் என்று எழுதிக்கொண்ட காலமும் இருந்தது. நெதர்லாந்துக்காரர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் கேள்விகளைக் கொஞ்சம் தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். 2018-ல், போகிற கடிதத்தை நாமே பிரித்துப் பார்க்க 'டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர்' என்று ஓர் ஆப்பும் வந்தது. திறந்து பார்த்தால் அதைவிடப் பஞ்சாங்கம் சுலபமாகப் புரியும். ஆனாலும், கடிதம் என்று ஒன்று இருப்பதைக் கண்ணால் பார்ப்பதே ஒரு திருப்தி.

மற்றவர்கள் மட்டும் உத்தமர்களா என்று கேட்டால், அதுவும் இல்லை. இலவசமாக எல்லோருக்கும் கொடுக்கப்படும் லினக்ஸ் குடும்பத்தில் 'உபுண்டு' என்று ஒன்று உண்டு. 2012 அக்டோபரில் வந்த அதன் பதிப்பில், உங்கள் சொந்த ஃபைலைத் தேடினால்கூட, தேடின வார்த்தை அதைத் தயாரித்த கம்பெனியின் சர்வருக்குப் போய், அமேஸான் கடைச் சரக்கோடு திரும்பி வந்தது! 'பாட்டி போட்டோ' என்று தேடினால் போட்டோ மாட்டும் சட்டத்துக்கு விளம்பரம். ஊர் சிரித்தது. 2016 ஏப்ரல் பதிப்பில், நாமாகக் கேட்டாலொழிய அது நடக்காது என்று மாற்றினார்கள். கையிலிருக்கும் டெலிபோன் விஷயமோ கேட்கவே வேண்டாம். டப்ளின் டிரினிட்டி காலேஜைச் சேர்ந்த பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-ல் பரிசோதித்துப் பார்த்தார். ஆண்ட்ராய்டும் சரி, ஐபோனும் சரி, யாரும் தொடாமல் மேஜைமேல் கிடக்கும்போதுகூடச் சராசரியாக நாலரை நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன.

இனி, இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

2024 மே 20-ம் தேதி மைக்ரோஸாஃப்ட் ஒரு புது வசதியை அறிவித்தது. பெயர் 'ரீகால்'. ஞாபகப்படுத்திக்கொள்வது என்று அர்த்தம். சில விநாடிகளுக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் தன் திரையைத் தானே படம் பிடித்து வைத்துக்கொள்ளும். படத்தில் இருக்கும் எழுத்துக்களையும் படித்துக் குறித்துக்கொள்ளும். 'போன மாதம் பார்த்தேனே, மாம்பழக் கலர் புடவை, எந்தக் கடை?' என்று பின்னால் கேட்டால் அந்தப் பக்கத்தையே எடுத்து நீட்டும். சாமானை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிற நமக்கு, கேட்கவே தித்திப்பாகத்தான் இருக்கிறது. 25 ஜிகாபைட் இடம் ஒதுக்கினால் சுமார் மூன்று மாதப் படங்கள் தங்கும் என்றார்கள். பாஸ்வேர்டு, பாங்கு நம்பர் இவற்றைத் தனியாக மறைக்காது என்பதையும் கம்பெனியே சொல்லிவிட்டது. எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், வெளியே போகாது என்பது அவர்கள் கொடுத்த உறுதி. வழக்கம்போல, இதுவும் நம்மைக் கேட்பதற்கு முன்பே டிக் போட்டு வைக்கப்பட்டிருந்தது!

வேடிக்கை என்னவென்றால், பாதுகாப்புதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று கம்பெனித் தலைவர் சத்யா நாதெள்ளா தம் சிப்பந்திகளுக்கு எழுதி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

கெவின் பூமான்ட் என்ற பாதுகாப்பு நிபுணர், முன்பு அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர், உள்ளே புகுந்து பார்த்தார். படித்துக் குறித்துவைத்த எழுத்தெல்லாம், கம்ப்யூட்டரைத் திறந்த பிறகு எந்தப் பூட்டும் இல்லாமல் ஒரே இடத்தில் கிடந்தது. அதை வாரி எடுக்க ஒரு சின்னப் புரோகிராம் போதும் என்று இன்னொருவர் எழுதியே காட்டிவிட்டார். திருடன் ஒவ்வோர் அறையாகத் தேட வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் நகையெல்லாம் ஒரே தட்டில் எடுத்து வைத்த மாதிரி!

திருடனை விடுங்கள். படம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது என்பதை அப்படியே ஒப்புக்கொள்வோம். ஆனால் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டர், நாலு பேர். பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். தினசரிக் காலண்டரின் ஓரத்தில் பென்ஸிலால் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஒரு பெண் தன் உடம்புக்கு என்ன என்று டாக்டருக்கு எழுதிக் கேட்கிறாள். தங்கைக்கு மனசைத் திறந்து நாலு வரி எழுதுகிறாள். வீட்டில் இன்னும் சொல்லாமல் ஒரு வேலைக்கு மனுப் போடுகிறாள். கை நீட்டுகிற புருஷனிடமிருந்து விலக வழி உண்டா என்று வக்கீலிடம் யோசனை கேட்கிறவளும் இருக்கிறாள். எழுதி அனுப்பிய கையோடு அழித்துவிடுகிறாள். அழித்ததோடு போயிற்று என்று நிம்மதியாக அடுப்பைப் பார்க்கப் போகிறாள். இந்த யந்திரமோ அவள் ஒவ்வோர் எழுத்தாக எழுதும்போதே படம் பிடித்து, தேதி போட்டு, அடுக்கி வைத்துக்கொண்டிருக்கும்! ஒரு வார்த்தை கேட்டால் போதும், எடுத்து நீட்டிவிடும். கேட்கிறவர் யார் என்று அதற்கு என்ன கவலை?

இன்னொன்றும் உண்டு. உங்கள் சிநேகிதி தன் கஷ்டத்தை உங்களுக்கு எழுதுகிறாள். அவள் தன் கம்ப்யூட்டரில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் என்ன பிரயோசனம்? உங்கள் திரையில் தெரிந்த மாத்திரத்தில் அவளுடைய ரகசியமும் படமாகிவிடும். அவளை யார் "சரியா?" என்று கேட்டார்கள்?

கூச்சல் பலமாக எழுந்தது. இங்கிலாந்தின் தகவல் அதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள். ஜூன் 7-ம் தேதி கம்பெனி பின்வாங்கியது: நாமாகச் "சரி" சொன்னாலொழிய ரீகால் வேலை செய்யாது, படங்களுக்குச் சங்கேதப் பூட்டு உண்டு, பார்ப்பதற்கு முன் முகத்தையோ கைரேகையையோ காட்ட வேண்டும். ஒரு வாரத்துக்குள், ஜூன் 18-ம் தேதி வெளியீட்டிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் தட்டிக் கொட்டி, 2025 ஏப்ரலில்தான் பொதுவாக வெளியிட்டார்கள். இப்போது வேண்டாதவர்கள் அதை அடியோடு நீக்கவும் முடியும். இது 'கோபைலட் பிளஸ்' என்று விற்கப்படும் புதிய ரகக் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் உண்டு. உங்கள் வீட்டுப் பழைய லாப்டாப்பில் இராது. ஆகவே இதைப் படித்துவிட்டு நடு ராத்திரியில் எழுந்து கம்ப்யூட்டரைப் பிடுங்கிப் போட வேண்டாம்! ஆனால், முகமோ விரலோ ஒரு தடவை பதிந்துவிட்டால் பிறகு பின் நம்பரும் செல்லும். அந்த நம்பர் காலண்டர் ஓரத்தில் இருந்தால்...?

2025 மே மாதத்தில் 'சிக்னல்' என்ற செய்திப் பரிமாற்றக் கம்பெனி ஒரு தமாஷ் செய்தது. ரீகால் தன் பக்கத்தைப் படம் பிடிக்காமல் தடுக்க விண்டோஸில் அதற்குச் சரியான வழி இல்லை. ஆனால் சினிமாப் படத்தைத் திருட்டுத்தனமாக நகல் எடுக்காமல் தடுக்கும் ஒரு திரை ஏற்கெனவே உண்டு. சிக்னல்காரர்கள் அதை எடுத்துத் தங்கள் ஜன்னலுக்குப் போட்டுக்கொண்டார்கள். படம் எடுத்தால் ஒரே கறுப்பு! ஒரு சினிமாவுக்குக் கிடைக்கிற பாதுகாப்பை நம் சொந்தக் கடிதம் இரவல் வாங்கவேண்டியிருக்கிறது.

தகவலுக்கு என்ன விலை என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு வேண்டுமென்றால் 30 டாலர் கட்டு, அல்லது கம்பெனியின் பரிசுப் புள்ளி ஆயிரம் கொடு, அல்லது உன் செட்டிங்ஸைக் கம்பெனியின் கிளவுடில் சேர்த்துவிடு, பணமே வேண்டாம் என்றார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளதை வெறுமனே கொடுப்பார்களா? ஐரோப்பிய நுகர்வோர் சங்கங்கள் சண்டை பிடித்ததும், அந்தப் பிரதேசத்துக்கு மட்டும் கிளவுட் நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டிலும் வேலை நடந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமும், 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் வந்தன. படிப்படியாகத்தான் அமலுக்கு வரும். அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்துகொள்ளலாம்.

மத்தியானம் வீடு ஓய்ந்திருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து 'செட்டிங்ஸ்' போங்கள். 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் 'டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் ஃபீட்பேக்'. 'ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா'வை அணைத்துவிடுங்கள். ஒன்றும் கெட்டுவிடாது; பாட்டும் கேட்கலாம், பாங்குக்கும் போகலாம். இதுவரை சேர்ந்ததை அழிக்கவும் அங்கேயே ஒரு பொத்தான் உண்டு. திரும்பி வந்து, விளம்பரக்காரர்களுக்காக உங்களுக்கு ஒட்டப்பட்டிருக்கும் 'அட்வர்டைசிங் ஐடி' என்ற எண்ணையும் அணையுங்கள். காமிரா, மைக், இருக்குமிடம் இவற்றை யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சீட்டாட்டம் விளையாடும் ஆப்புக்கு உங்கள் தெரு எதற்கு?

அதைவிட முக்கியம், வீட்டில் ஆளுக்கொரு தனிக் கணக்கு. 'அக்கவுண்ட்ஸ்' என்ற இடத்தில் 'அதர் யூஸர்ஸ்' என்று இருக்கும். ஒருவருடைய கடிதமும் படமும் மற்றவர் கண்ணில் படாது. ஒரு எச்சரிக்கை: 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர் நினைத்தால் மற்றவர்களுடைய ஃபைல்களைத் திறக்க முடியும். ஆகையால் வீட்டுக்குள்ளேயே பயந்து வாழ்கிற சகோதரி யாராவது இதைப் படித்தால், வக்கீலுக்கு எழுத இந்தக் கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம். நம்பிக்கையான சிநேகிதியின் டெலிபோன், உத்தியோகம் பார்க்கும் அக்காவின் வீடு, இவைதான் நல்லது.

மற்றவர்களுக்குத் தனிக் கணக்குத் திறக்கப் பத்து நிமிஷம் ஆகும். இவருக்கு என்ன ரகசியம் வேண்டிக் கிடக்கிறது என்று மாமியார் முணுமுணுத்தால், அவர் பெயரிலும் ஒன்று திறந்து, பாஸ்வேர்டை அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலண்டரில் எழுதியிருப்பதை மட்டும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.